சின்னப் பிள்ளைகளோடு கூடாரத்தில் தங்குதல்: ஒன்ராறியோப் பூங்காக்களுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை மாதங்கள் கோயில் திருவிழா, கலியாணம், ஊர்ச் சங்க ஒன்றுகூடல் என்று நிறைந்தே இருக்கும். அவற்றுக்கிடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவதொரு மாகாணப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கிவர விரும்புவோர், குறிப்பாக ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள இளம் பெற்றோர், முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பொருட்களின் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகும் பயணத்தைத் தீர்மானிப்பது பொருட்கள் அல்ல, இரவு நித்திரைதான். பிள்ளை கதகதப்பாகவும் ஈரமில்லாமலும் உறங்கினால் மழையையும் நுளம்பையும் அரைவேக்காட்டுச் சோற்றையும் சமாளித்துவிடலாம். நித்திரை கெட்டால் எவ்வளவு அழகான ஏரிக்கரையில் இருந்தாலும் அடுத்த நாள் முழுவதும் எல்லோருக்கும் பாரமாகிவிடும். எனவே இடம், காலம், உடுப்பு, உணவு எல்லாவற்றையும் அந்த இரவை முன்வைத்தே தெரிவுசெய்யுங்கள்.

இடமும் காலமும்

முதல் பயணத்துக்கு வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பூங்காவே போதும். ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு 401 நெடுஞ்சாலையை ஒட்டி, பௌமன்வில்லுக்கு அருகே ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள டார்லிங்டன் பூங்காவும், மார்க்கத்தில் இருப்பவர்களுக்குச் சிம்கோ ஏரிக்கரையில் உள்ள சிபால்ட் பொயின்ற் பூங்காவும், மிசிசாகாவில் இருப்பவர்களுக்கு ஓக்வில்லுக்கும் பேர்லிங்டனுக்கும் இடையிலுள்ள புரொன்ரே கிறீக் பூங்காவும் வாய்ப்பானவை. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தாலோ, கூடாரத்துக்குள் வெள்ளம் புகுந்தாலோ வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணமே பெற்றோருக்குப் பெரிய தைரியத்தைத் தரும். 1893ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் முதலாவது மாகாணப் பூங்காவாக நிறுவப்பட்ட அல்கொன்குவின், மூஸ் மான்களும் பெரிய ஏரிகளும் உள்ள அருமையான காடு. ஆனால் அங்கே போக மூன்று மணி நேரமாவது கார் ஓட்ட வேண்டும், இரவுக் குளிரும் கூடுதல். அதை அடுத்த பயணத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் புறப்பட வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனாலும் மே நடுப்பகுதி முதல் ஜூன் முடியும்வரை வடக்குப் பூங்காக்களில் கடிக்கும் கருப்பு ஈக்களின் தொல்லை அதிகம். ஜூனிலும் ஜூலையிலும் நுளம்பு பெருகும். அதோடு ஜூன் இறுதியில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணிவரை சூரியன் மறைவதில்லை என்பதால், வெளிச்சம் ஊடுருவும் கூடாரத்துக்குள் இரண்டு வயதுப் பிள்ளையை எட்டு மணிக்கு உறங்கவைப்பது மிகக் கடினம். ஓகஸ்ட் கடைசி வாரத்தில் எட்டு மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும், பூச்சிகள் வெகுவாகக் குறைந்திருக்கும், ஏரித் தண்ணீரும் கோடை முழுவதும் வெயில் பட்டு இதமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே சிறந்த காலம் என்பது என் உறுதியான கருத்து. இரவுக் குளிரை மட்டும் உடுப்பால் சமாளித்தால் போதும்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் கூடாரம் அடிக்கும் தளங்களை ஐந்து மாதங்களுக்கு முன்பே, காலை ஏழு மணி முதல் இணையத்தில் பதிவுசெய்யலாம். ஓகஸ்ட் இறுதியில் போக வேண்டுமானால் மார்ச் இறுதியிலேயே எழும்பி இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். வெள்ளி, சனி இரவுகள் விரைவாக நிரம்பிவிடும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள் ஞாயிறு முதல் செவ்வாய்வரை எடுத்தால் இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். இரண்டு இரவுகளுக்குப் பதிவுசெய்வதே நல்லது, ஏனென்றால் முதல் நாள் கூடாரம் அடிப்பதிலும் சமைப்பதிலும் போய்விடும், பிள்ளை உண்மையில் விளையாடுவது இரண்டாம் நாள்தான்.

வரைபடத்தில் தளத்தைத் தெரிவுசெய்யும்போது கழிவறைக் கட்டடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், ஆனால் அதற்கு நேரெதிரே இல்லாத இடத்தைப் பாருங்கள். அந்தக் கட்டடத்தின் விளக்கும் கதவுச் சத்தமும் இரவு முழுவதும் ஓயாது. நடைபழகும் பிள்ளை இருந்தால் ஏரியை ஒட்டிய தளத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். மின்சார வசதியுள்ள தளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். கைக்குழந்தையின் பால் போத்தலைச் சூடாக்கவும் றைஸ் குக்கரில் சோறு வைக்கவும் அது உதவும் என்பதால், அந்தச் செலவை வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஒரு தளத்தில் வழமையாக ஆறு பேருக்கு மேல் தங்க முடியாது. பெரியம்மா, சித்தப்பா குடும்பங்களும் சேர்ந்து வருவதானால் அடுத்தடுத்த தளங்களை ஒரே நேரத்தில் பதிவுசெய்யுங்கள், அல்லது பெருங்குழுக்களுக்கென ஒதுக்கிய தளங்களைத் தேடுங்கள். கூடாரமே வேண்டாம் என்று பயப்படுகிற அம்மம்மா, அப்பப்பா வருகிறார்கள் என்றால் சில பூங்காக்களில் கட்டிலும் தரையும் உள்ள யேர்ட் எனப்படும் வட்டக் குடில்களும் சிறு மரக்குடில்களும் வாடகைக்கு உண்டு.

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

கூடாரத்தை முதன்முதலாகப் பூங்காவில் வைத்து, பிள்ளை பசியால் அழும் நேரத்தில், பிரித்துப் பார்க்கக் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் வீட்டின் பின்வளவிலோ, அடுக்குமாடியில் இருப்பவர்கள் வரவேற்பறையிலோ அதை நிறுத்திப் பாருங்கள். பிள்ளை அதற்குள் விளையாடட்டும், ஒரு மத்தியான நித்திரையையாவது அதற்குள் கொள்ளட்டும். அப்படிப் பழகிய பிள்ளைக்குப் பூங்காவில் அது அந்நியமான இடமாகத் தோன்றாது. கூடாரத்தின் பெட்டியில் ‘நான்கு பேர்’ என்று போட்டிருந்தால், நான்கு பெரியவர்கள் தோளோடு தோள் நெருங்கிப் படுத்தால் மட்டுமே கொள்ளும் என்று அர்த்தம். இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆறு பேருக்கான கூடாரமே அளவானது. தரைக்கு விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே அனுப்பிவிடும். அதை எப்போதும் உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

இரவு

ஓகஸ்ட் மாதப் பகல் 27 பாகையாக இருந்தாலும், விடியற்புறத்தில் அல்கொன்குவின் போன்ற இடங்களில் 10 பாகைக்கும் கீழே இறங்கக்கூடும். பகல் வெப்பத்தை நம்பி மெல்லிய போர்வையோடு படுத்தவர்கள் விழித்துக்கொள்வது அந்த நேரத்தில்தான். குளிர் காற்றில் இருந்து வருவதைவிடத் தரையில் இருந்து கூடுதலாக வரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றடித்த மெத்தைக்குள் இருக்கும் காற்றும் தரையோடு சேர்ந்து குளிர்ந்துவிடுவதால், மெத்தைக்கு மேலே ஒரு தடித்த கம்பளியையோ நுரைப்பாயையோ விரித்து, அதற்கு மேல் நித்திரைப் பையைப் போடுங்கள். மேலே போர்த்துவதற்குச் சமமாகக் கீழே விரிப்பதற்கும் துணி கொண்டுபோக வேண்டும்.

படுக்கப் போகுமுன் பிள்ளையின் உடுப்பை உள்ளாடை முதல் காலுறைவரை முழுமையாக மாற்றுங்கள். பகலில் ஓடியாடி வியர்த்த பருத்தித் துணி உலர்ந்ததுபோலத் தோன்றினாலும் ஈரத்தைப் பிடித்துவைத்திருந்து இரவில் உடம்பைக் குளிரவைக்கும். உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உடுப்பு, அதற்கு மேல் ஃபிளீஸ் உடுப்பு, தலைக்கு மெல்லிய தொப்பி என்று அடுக்கடுக்காக உடுத்தினால், வேண்டியபோது ஒன்றைக் கழற்றவும் முடியும். அன்பின் மிகுதியால் ஐந்தாறு அடுக்குகள் போடுவதும் தவறு, ஏனென்றால் வியர்த்த பிள்ளை சிறிது நேரத்தில் குளிர்ந்துவிடும். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று அறியக் கையைத் தொட்டுப் பார்க்காமல், பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். கை எப்போதும் குளிராகவே இருக்கும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு விதிகள் வேறு, அவற்றில் விட்டுக்கொடுப்புக் கூடாது. காற்று மெத்தையிலும், பெரியவர்களின் நித்திரைப் பைக்குள்ளும், தளர்ந்த போர்வைக்கு அடியிலும் கைக்குழந்தையைப் படுக்கவைத்தால் மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. மடக்கி எடுத்துச் செல்லக்கூடிய பிளேபென் தொட்டிலின் உறுதியான தட்டையான அடிப்பரப்பில், மல்லாக்காக, போர்வைக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கென்றே தைத்த, கையுள்ள நித்திரைச் சட்டையோடு படுக்கவையுங்கள். கூடாரம் வாங்கும்போதே அந்தத் தொட்டில் உள்ளே கொள்ளுமா என்று அளந்து பாருங்கள்.

எவ்வளவு குளிர்ந்தாலும் புரொப்பேன் கணப்பையோ, கரி அடுப்பையோ, அணைந்ததுபோலத் தோன்றும் கரித் தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அவற்றில் இருந்து வெளியேறும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை, உறங்குபவர்கள் விழிக்காமலே இறந்துவிடக்கூடும். தாங்க முடியாத குளிர் என்றால் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை.

வீட்டில் உறங்கப்போகும்போது என்னென்ன செய்வீர்களோ அதே ஒழுங்கை இங்கும் பின்பற்றுங்கள். முகம் கழுவி, பல் தீட்டி, பழகிய போர்வையையும் பொம்மையையும் கொடுத்து, வழக்கமான கதையைச் சொன்னால் இடம் மாறியதைப் பிள்ளை பெரிதாக எடுக்காது. ஏரிகளில் லூன் பறவை இரவில் நீளமாக ஓலமிடும். தவளைகளும் விடாமல் கத்தும். அந்தச் சத்தங்களைப் புறப்படுமுன்பே ஒலிப்பதிவில் கேட்கவைத்தால் பயம் ஆவலாக மாறிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறிய ரோச் லைட் கொடுங்கள். பம்பர்ஸ் விட்ட பிள்ளைக்கு இரவில் கழிவறை தூரம் என்பதால், மூடியுள்ள சிறிய மலச்சட்டி ஒன்றைக் கூடாரத்தின் முன்வாசல் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். பறவைகளின் சத்தத்தோடு ஐந்தரை மணிக்கே பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, எந்த நாள் அம்மா, எந்த நாள் அப்பா அவர்களை வெளியே கூட்டிப்போவது என்று பேசிவைத்தால் இருவருக்கும் ஓய்வு கிடைக்கும்.

சாப்பாடும் கரடியும்

பூங்காவில் போய்க் காய்கறி வெட்டி, தாளித்து, கறி வைப்பதற்குச் சின்னப் பிள்ளைகள் இடம்கொடுக்க மாட்டார்கள். முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே சோற்றுப் பொதியோ இடியப்பமும் சொதியுமோ கொண்டுபோய், கூடாரம் அடித்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டாம் நாளுக்கான பருப்பையும் கோழிக்கறியையும் காரம் குறைத்து வீட்டிலேயே சமைத்து, தட்டையான பைகளில் உறையவைத்துக் கொண்டுபோனால், அவை கூலர் பெட்டிக்குள் பனிக்கட்டியின் வேலையையும் செய்யும், அங்கே சூடாக்குவதோடு சமையல் முடிந்துவிடும். கெடக்கூடிய உணவு 4 பாகைக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் கடந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். பச்சை இறைச்சி கொண்டுபோவதானால் அதற்கு வேறு பெட்டி வேண்டும். கையால் சாப்பிடும் நமக்குக் கை கழுவுவது மிக முக்கியம் என்பதால், குழாய் பொருத்திய தண்ணீர்க் கலன் ஒன்றையும் சவர்க்காரத்தையும் மேசையின் ஓரத்தில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள்.

அல்கொன்குவின் போன்ற வடக்குப் பூங்காக்களில் கருங்கரடிகள் உள்ளன. தெற்குப் பூங்காக்களில் ரக்கூன்கள் கூலர் பெட்டியையே திறந்துவிடும். நம்முடைய கறித்தூள், பொரித்த மீன் ஆகியவற்றின் வாசனை வெகுதூரம் போகும். ஆகவே சாப்பிட்டு முடிந்ததும் உணவு, கூலர், அடுப்பு, அழுக்குப் பாத்திரம், குப்பை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். பற்பசை, சவர்க்காரம், குழந்தையின் பால் போத்தல், பிஸ்கட் துகள் ஒட்டிய உடுப்பு ஆகியவையும் இதில் அடங்கும், ஏனென்றால் மணக்கும் எதுவும் விலங்குகளுக்கு உணவாகவே தோன்றும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்டும் போகக் கூடாது என்ற விதியைப் பிள்ளைகள் கூடாரத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாத்திரம் கழுவிய கறித் தண்ணீரைப் பற்றைக்குள் ஊற்றாமல் பூங்கா காட்டும் இடத்தில் ஊற்றுங்கள்.

நெருப்பும் தண்ணீரும்

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், பூங்காவிலேயே வாங்குங்கள். 2002ஆம் ஆண்டு வின்ட்சர் பகுதியில் கண்டறியப்பட்ட மரகத நிறச் சாம்பல்மரத் துளைப்பான் வண்டு, விறகோடு விறகாக ஊர்விட்டு ஊர் சென்று பெருந்தொகையான மரங்களை அழித்திருக்கிறது. நெருப்புக் குழியைச் சுற்றி மூன்று மீற்றர் தூரத்தில் தடியால் ஒரு வட்டம் கீறி, பெரியவரின் கையைப் பிடிக்காமல் அதற்குள் எவரும் வரக் கூடாது என்று சொல்லுங்கள். பாவாடை, சால்வை போன்ற தளர்ந்த உடுப்புகளையும் திறந்த செருப்புகளையும் நெருப்பருகே தவிர்க்க வேண்டும். எரியும் நெருப்பைக் காட்டிலும் மறுநாள் காலைச் சாம்பல்தான் பிள்ளைகளை ஏமாற்றும், ஏனென்றால் மேலே சாம்பல் பூத்த தணல் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். இரவு படுக்குமுன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, புகையும் சீறலும் நின்ற பின்னரே அங்கிருந்து அகலுங்கள்.

ஏரியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை உண்டு. மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இல்லை. பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைப்பதே உறவினர் கூட்டங்களில் உள்ள பெரிய ஆபத்து. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமே போடாது. ஆகவே இருபது நிமிடங்களுக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பைக் கொடுங்கள். அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, சமைக்கக் கூடாது, பிள்ளையிடமிருந்து கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருட்களே. பிள்ளையின் எடைக்கேற்ற, கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்பு அங்கியே வேண்டும். பல பூங்காக்களில் அதை இரவலாகப் பெறலாம், வாசல் அலுவலகத்தில் கேளுங்கள்.

பூச்சியும் செடியும்

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பூச்சி விரட்டி எதுவும் பூசாமல், தள்ளுவண்டிக்கு மேல் நுளம்பு வலை போடுங்கள். ஹெல்த் கனடாவின் அறிவுரைப்படி ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை டீட் (DEET) மருந்து 10 சதவீதத்துக்கு மேற்படாத பூச்சி விரட்டியை நாளுக்கு ஒரு முறை மட்டும், இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை அதே அளவு மூன்று முறைக்குள் பூசலாம். 20 சதவீதம்வரையுள்ள இக்காரிடின் (icaridin) என்ற மற்றொரு விரட்டியை ஆறு மாதத்துக்குப் பின் பயன்படுத்தலாம். வெயில் கிறீமை முதலிலும் பூச்சி விரட்டியை அதற்கு மேலும் பூச வேண்டும், பிள்ளை வாயில் வைக்கும் கையில் பூசக் கூடாது. மூன்று மூன்று இலைகளாக வளரும், தோலில் அரிப்பை உண்டாக்கும் நச்சுக்கொடி (poison ivy) பாதையோரங்களில் நிறைய உண்டு. அதைத் தொட்டுவிட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் குளிர்ந்த நீரால் கழுவுங்கள்.

மழைக்கென்று தனியாகத் திட்டம் வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு பெரிய தார்ப்பாயைக் கட்டிவிட்டால் நிறந்தீட்டும் புத்தகத்தோடும் தாயக்கட்டையோடும் ஒரு மழைப் பகலைக் கழித்துவிடலாம், சப்பாத்தும் மழையங்கியும் போட்ட பிள்ளைகளுக்குச் சேற்றில் குதிப்பதே போதும். ஆனால் இடி கேட்டால் கூடாரம் பாதுகாப்பில்லை, எல்லோரும் காருக்குள் போய்க் கடைசி இடி முழங்கி 30 நிமிடங்கள்வரை அங்கேயே இருக்க வேண்டும். பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு பலவீனமாக இருக்கும் என்பதால், பூங்காவின் பெயரையும் தள எண்ணையும் வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்; 911ஐ அழைக்க நேர்ந்தாலும் அந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

பகல் நேரத்தைப் பொறுத்தவரை காலையில் ஒரு வேலை, மத்தியானம் நித்திரை, மாலையில் தண்ணீர் என்பதற்கு மேல் எதையும் திட்டமிடாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒரு கிலோமீற்றர் பாதையை நடந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு எறும்புப் புற்றையும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்; அந்தக் குனிந்து பார்த்தலுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

திரும்பிய பின்

ஈரத்தோடு சுருட்டிய கூடாரம் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அதை விரித்து முழுமையாக உலரவிடுங்கள். உடுத்த துணிகளைத் தோய்ப்பதற்கு முன் உலர்த்தியில் அதிக வெப்பத்தில் 10 நிமிடங்களாவது சுழலவிட்டால் அவற்றில் ஒட்டியிருக்கும் உண்ணிகள் இறந்துவிடும். கிழக்கு ஒன்ராறியோவிலும் ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலும் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் உள்ளன. ஆகவே பூங்காவில் தங்கும் நாட்களில் ஒவ்வொரு மாலையும், வீடு வந்தவுடன் மறுபடியும், பிள்ளையின் தலைமுடிக்குள், காதின் பின்புறம், கமக்கட்டு, தொப்புள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெதுவாக இழுத்து எடுங்கள். எண்ணெய் பூசுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. எடுத்த திகதியையும் கடித்த இடத்தையும் எழுதிவைத்து, அடுத்த 30 நாட்களுக்குள் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினாலோ, காய்ச்சலோ அசாதாரணக் களைப்போ தோன்றினாலோ, உண்ணி கடித்ததைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.